பிள்ளையை உறைவிடச் சிகிச்சையில் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும்

பெற்றோர் முதன்முதலாக என்னிடம் பேசும்போது பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: “எங்காவது கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.” பல மாதங்களாகத் தூங்காதவர்களின் வாக்கியம் அது. பிள்ளை கையை அறுத்துக்கொண்டிருக்கலாம், போதையில் வீடு திரும்பியிருக்கலாம், இரண்டு மூன்று நாள் காணாமல் போயிருக்கலாம். அவர்கள் மீது எனக்கு ஒருபோதும் கோபம் வந்ததில்லை. ஆனால் அந்த “விட்டுவிட” என்ற சொல்லை மட்டும் முதல் நாளிலேயே மாற்றிவிடப் பார்ப்பேன். பதின்பருவத்துப் பிள்ளைகளும் இளைஞர்களும் தங்கிச் சிகிச்சை பெறும் மையத்தில் குடும்ப ஆலோசகராகப் பல ஆண்டுகள் வேலை செய்தவன் நான். பிள்ளையைக் கொண்டுபோய் விட்ட குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன், பிள்ளையோடு சேர்ந்து உள்ளே வந்த குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். மையம் ஒன்றாகவே இருந்தாலும் இந்த இரண்டு வகைப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வீடு திரும்புவதில்லை.

இந்த வழியில் புதிதாகக் கால் வைக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். பதினெட்டைத் தாண்டிய பிள்ளைக்காக அலையும் அண்ணன், அக்காவுக்கும் இது பொருந்தும்.

இன்றே ஆபத்து இருந்தால்

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மையம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தங்கிச் சிகிச்சை தரும் மையத்தில் இடம் கிடைக்க நாட்களோ வாரங்களோ ஆகும். அவசர நிலையைச் சமாளிக்கும் வசதி அங்கே இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

போகும்வரை பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து, கத்தி, கயிறு எல்லாவற்றையும் கைக்கு எட்டாதபடி அப்புறப்படுத்துங்கள். “சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?” என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. யாராவது கேட்டுவிட்டார்களே என்ற நிம்மதியில் அழத் தொடங்கும் பிள்ளைகள்தான் அதிகம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தினமும் நிறையக் குடிப்பவரையோ, தூக்க மாத்திரைகளுக்கும் பதற்றம் தணிக்கும் மாத்திரைகளுக்கும் அடிமையானவரையோ அறையில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். திடீர் நிறுத்தத்தால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டிய விஷயம் இது.

முதல் வேலை: என்ன நோய் என்று தெரிந்துகொள்வது

இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று தோன்றும். ஆனால் “அடங்காதவன்”, “பொய் சொல்கிறாள்”, “சேர்க்கை சரியில்லை” என்ற மூன்று வாக்கியங்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மையத்தைத் தேடிப் புறப்படும் குடும்பங்களே அதிகம். அவை வீட்டார் பார்த்த அறிகுறிகள். நோய் என்னவென்று அவற்றிலிருந்து தெரியாது.

வாழ்நாளில் வரும் மனநோய்களில் ஏறத்தாழ பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்று அமெரிக்காவில் 2005இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. மனச்சோர்வு, பதற்றநோய், இருதுருவக் கோளாறு, மனச்சிதைவின் தொடக்கம், உண்ணும் கோளாறுகள் எல்லாமே இந்த வயதில் கோபமாகவும் சோம்பலாகவும் அடங்காமையாகவும் வேடமிட்டு வரும். கூடவே, சிறு வயதிலிருந்தே இருந்தும் யாரும் கண்டுகொள்ளாத ஆட்டிசம், கவனக்குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த கோளாறு, எழுத்துகளைப் படிப்பதில் உள்ள சிரமம் ஆகியவையும் இருக்கலாம். வகுப்பில் நாற்காலியைத் தூக்கி எறிந்ததற்காக எங்களிடம் அனுப்பப்பட்ட பையன் ஒருவன் இன்னும் என் நினைவில் இருக்கிறான். 15 வயதிலும் ஒரு பத்தியைத் தடுமாறாமல் அவனால் படிக்க முடியவில்லை. சத்தமாகப் படிக்கும்படி ஆசிரியர் எழுப்பிவிட்ட நாட்களில்தான் நாற்காலி பறந்திருக்கிறது. ஒன்பது ஆண்டுகள் பள்ளியில் இருந்தும் அவனை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

ஆகவே குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான மனநல மருத்துவர் ஒருவரிடம் முழு மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். அந்தச் சிறப்புப் பயிற்சி பெற்றவர் கிடைக்காவிட்டால் பொது மனநல மருத்துவரும் மருத்துவ உளவியலாளரும் சேர்ந்து செய்யலாம். தைராய்டு, ரத்தசோகை, வலிப்புநோய், தூக்கக் கோளாறு போன்ற உடல் காரணங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவர் பிள்ளையிடம் நீங்கள் இல்லாமல் தனியாகப் பேச வேண்டும். பாலியல் கொடுமையோ பள்ளியில் துன்புறுத்தலோ நடந்திருந்தால் உங்கள் முன்னால் அது வெளியே வராது. தொந்தரவு தருபவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால் கண்டிப்பாக வராது. அறைக்கு வெளியே காத்திருக்கும் அந்த 45 நிமிடம் நீண்டதாகத் தெரியும். கதவைத் தட்டாதீர்கள்.

அடுத்த கேள்வி: தங்கித்தான் ஆக வேண்டுமா?

உறைவிடச் சிகிச்சை ஒரு ஏணியில் மேல்படி. கீழே பல படிகள் இருக்கின்றன. வாரம் ஒருமுறை ஆலோசகரைச் சந்திப்பது முதல் படி. வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் சில மணி நேரம் போய்வரும் தீவிர வெளிநோயாளர் சிகிச்சை அடுத்தது. பகல் முழுவதும் மையத்தில் இருந்துவிட்டு இரவில் வீடு திரும்பும் பகல்நேரச் சிகிச்சை அதற்கும் அடுத்தது. இவற்றையெல்லாம் ஒழுங்காக முயன்றும் பிள்ளையின் பாதுகாப்புக்கு வீட்டில் உத்தரவாதம் இல்லை என்றால்தான் தங்கிப் பெறும் சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும். திரும்பத் திரும்பத் தற்கொலை முயற்சி, ஒவ்வொரு முறை நிறுத்திய பிறகும் தொற்றிக்கொள்ளும் போதை, வெளிநோயாளர் சிகிச்சைக்கு அடங்காத தன்காயம் (தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது) ஆகியவை அப்படிப்பட்ட காரணங்கள். பிள்ளைக்கு ஆபத்தே வீட்டில்தான் இருக்கிறது என்றால், பாதுகாப்பான உறவினர் வீட்டையோ குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பையோ முதலில் நாடுங்கள். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளை நோயாளி இல்லை.

மதிப்பெண் குறைந்தது, கைபேசியை விடவில்லை, நமக்குப் பிடிக்காத ஒருவரைக் காதலிக்கிறது என்பதெல்லாம் சேர்ப்பதற்குக் காரணங்களே ஆகா. தன்பாலின ஈர்ப்பும் காரணம் ஆகாது. உலக சுகாதார நிறுவனம் 1990லேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. அதை “மாற்றித் தருகிறோம்” என்று சொல்லும் இடம் எதுவாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அங்கே பிள்ளைக்கு நேரும் சேதத்தை ஆற்றப் பின்னால் பல ஆண்டுகள் ஆகும்.

மையத்தில் சேர்ப்பதற்கு ஒரு விலையும் இருக்கிறது. தாமஸ் டிஷியன், ஜோன் மெக்கார்ட், பிரான்சுவா பூலன் மூவரும் 1999இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, சிக்கலான நடத்தையுள்ள பதின்பருவத்தினரை ஒன்றாகக் குழுவில் வைத்துச் செய்த சில திட்டங்கள் அவர்களின் நடத்தையை மேலும் மோசமாக்கியதைக் காட்டியது. ஒருவன் சொல்லும் திருட்டுக் கதைக்கு மற்றவர்கள் சிரிப்பது ஒரு பரிசாகிவிடுகிறது, அடுத்தவன் அதைவிடப் பெரிய கதை சொல்கிறான். குழுவை நடத்துபவர் கெட்டிக்காரராக இருந்தால் இதைத் தடுக்கலாம். இல்லாவிட்டால் 14 வயதுப் பிள்ளை, தான் கேள்விப்பட்டிராத போதைப்பொருள்களின் பெயர்களைக் கற்றுக்கொண்டு வீடு திரும்பும்.

சட்டச் சிக்கலில் மாட்டிய பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து குடும்பம், பள்ளி, நட்பு வட்டம் மூன்றையும் சேர்த்துக் கையாளும் பன்முறைச் சிகிச்சை என்று ஒன்று உண்டு. பட்டினி கிடந்து மெலியும் உண்ணும் கோளாறுக்குப் பெற்றோரையே முன்னிறுத்தி நடத்தும் குடும்ப அடிப்படைச் சிகிச்சை உண்டு. உங்களுக்கு எட்டும் தொலைவில் இவை கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். கிடைத்தால் பிள்ளை தன் கட்டிலிலேயே தூங்கலாம்.

மையத்தைத் தேர்வு செய்வது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பெரிய தவறுகள் நடப்பது இங்கேதான்.

சார்லஸ் டெடரிக் என்பவர் 1958இல் கலிபோர்னியாவில் சினனான் என்ற போதை மீட்பு அமைப்பைத் தொடங்கினார். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவரைக் குறிவைத்து, அவர் உடையும்வரை திட்டித் தீர்ப்பது அங்கே ஒரு சிகிச்சையாக நடந்தது. சினனான் பின்னாளில் வன்முறைக் கூட்டமாகச் சீரழிந்து மூடப்பட்டது. ஆனால் ஆளை உடைத்தால்தான் திருத்த முடியும் என்ற அந்த எண்ணம் சாகவில்லை. அங்கிருந்து அது பதின்பருவத்தினருக்கான உறைவிடப் பள்ளிகளுக்கும் வனாந்தர முகாம்களுக்கும் ராணுவப் பாணிப் பயிற்சி முகாம்களுக்கும் பரவியது. அத்தகைய திட்டங்களில் நடந்ததாக எழுந்த ஆயிரக்கணக்கான குற்றச்சாட்டுகளையும், குறிப்பாக 10 இளம் பருவத்தினரின் மரணங்களையும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2007இல் ஆராய்ந்து அறிக்கை தந்தது. பயிற்சியற்ற ஊழியர்கள், போதாத உணவு, “நடிக்கிறான்” என்று சொல்லி மருத்துவ உதவியை மறுத்தது என்று அந்தப் பக்கங்கள் நீள்கின்றன. உள்ளே இருந்து மீண்டவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, நிறுவனங்களில் குழந்தைகள் கொடுமைப்படுத்தப்படுவதைத் தடுக்கும் நோக்கில் 2024 டிசம்பரில் அங்கே ஒரு சட்டம் வந்தது.

இது ஒரு நாட்டின் கதை மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். பூட்டிய கதவும் கலங்கிய பெற்றோரும் கேள்வி கேட்க ஆளில்லாத நிர்வாகமும் எங்கே ஒன்றுசேர்ந்தாலும் இது நடக்கும். அச்சுறுத்தித் திருத்தலாம் என்ற நம்பிக்கையும் ஆதாரம் இல்லாதது. பிள்ளைகளைச் சிறைக்குள் கூட்டிச்சென்று கைதிகளைக் கொண்டு மிரட்டிய திட்டங்களை ஆராய்ந்தபோது, அதில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்தது தெரியவந்தது.

அதனால் நேரில் போய்ப் பாருங்கள். முதலில் உரிமத்தைக் கேளுங்கள். பள்ளி நடத்தும் உரிமமும் விடுதி நடத்தும் உரிமமும் மனநலச் சிகிச்சைக்குப் போதாது. பிறகு, வாரத்துக்கு எத்தனை முறை பிள்ளை தகுதிபெற்ற உளவியலாளரைத் தனியாகச் சந்திக்கும், மனநல மருத்துவர் எப்போதெல்லாம் வருவார், இரவில் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஊழியர்கள் விழித்திருப்பார்கள், 13 வயதுப் பிள்ளையும் 22 வயது இளைஞரும் ஒரே அறையில் தூங்குவார்களா, படிப்பு எப்படித் தொடரும் என்று கேளுங்கள். “இங்கே எல்லோருமே ஆலோசகர்கள்தான்” என்ற பதில் வந்தால் ஒருவரும் ஆலோசகர் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளையைப் பிடித்துக் கட்டுப்படுத்துவது, தனியறையில் அடைப்பது பற்றிய விதிகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உயிராபத்து இருக்கும்போது, மிகக் குறைந்த நேரத்துக்கு, பயிற்சி பெற்றவர்களால் மட்டுமே செய்யப்படும் என்றும், ஒவ்வொரு முறையும் பதிவு செய்து உங்களுக்குத் தெரிவிப்பார்கள் என்றும் அதில் இருக்க வேண்டும். தண்டனையாக அடைப்பார்கள், சாப்பாட்டைக் குறைப்பார்கள், பேசக் கூடாது என்பார்கள், முடியை வெட்டுவார்கள் என்று தெரிந்தால் அதற்குமேல் ஒரு கேள்வியும் தேவையில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: “என் பிள்ளை என்னோடு தனியாகப் பேச முடியுமா?” முதல் ஒரு மாதம் தொலைபேசி கிடையாது, கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவோம், பேசும்போது ஊழியர் பக்கத்தில் இருப்பார், “நல்ல நடத்தை” காட்டினால்தான் வீட்டோடு பேச அனுமதி என்று சொல்லும் இடங்கள் இருக்கின்றன. பிள்ளை நிலைகொள்வதற்காக என்று காரணம் சொல்வார்கள். முதல் இரண்டு மூன்று நாட்கள் அழைப்புகளைக் குறைப்பதில் ஏதோ நியாயம் இருக்கலாம். அம்மாவின் குரலைப் பரிசாக வைத்து வேலை வாங்கும் இடத்தை மட்டும் நான் சிகிச்சை மையம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய முடிவுகளில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை தருகிறது. 25ஆம் பிரிவு, சிகிச்சைக்காக அமர்த்தப்பட்ட குழந்தையின் நிலையை அவ்வப்போது மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. வாய் கட்டப்பட்ட பிள்ளைக்கு இந்த இரண்டுமே கிடைக்காது.

சுற்றிப் பார்க்கும்போது வரவேற்பறையைவிடக் கழிப்பறையை அதிகம் கவனியுங்கள். உள்ளே இருக்கும் பிள்ளைகளைப் பாருங்கள். ஊழியர் நடந்துவரும்போது அவர்கள் சட்டென்று பேச்சை நிறுத்துகிறார்களா, அல்லது ஏதோ கேட்க வாயெடுக்கிறார்களா? 95 சதவீத வெற்றி என்று விளம்பரம் செய்தால், யார் எண்ணினார்கள், வெளியே போன எத்தனை மாதம் கழித்து எண்ணினார்கள் என்று கேளுங்கள். ஒரு மையத்தை உங்களுக்குப் பரிந்துரைத்த இடைத்தரகருக்கு அந்த மையம் பணம் தருகிறதா என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள்.

பிள்ளையிடம் சொல்வது

ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். “சுற்றுலா போகிறோம்” என்று சொல்லி வண்டியில் ஏற்றிய குடும்பங்களை நான் அறிவேன். விடியற்காலையில் இரண்டு அந்நிய ஆட்களை அறைக்குள் அனுப்பிப் பிள்ளையை எழுப்பித் தூக்கிச்செல்ல வைப்பதை ஒரு தொழிலாகவே நடத்தும் நிறுவனங்கள் உண்டு. அப்படி வந்த பிள்ளைகள் எங்களிடம் முதல் பல வாரங்களைக் கதவைப் பார்த்தபடி கழித்தார்கள். சிகிச்சைக்கு நம்பிக்கைதான் வேர். அது வீட்டு வாசலிலேயே அறுந்துபோயிருந்தது.

ஒரு அமைதியான பகலில் சொல்லுங்கள். வீட்டில் எல்லோரும் கூடி உட்கார வேண்டாம், ஒருவரோ இருவரோ போதும். “உன்னைக் காப்பாற்ற எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்துவிட்டோம். எங்களுக்கு உதவி தேவைப்படுகிறது. இந்த இடத்தைப் போய்ப் பார்த்தோம். நீயும் பார்க்க வேண்டும். எவ்வளவு நாள் என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாங்கள் இந்தந்த நாட்களில் வருவோம்.” இப்படி உண்மையை மட்டும் சொல்லுங்கள். கத்தும், பொருளை உடைக்கும், பேசாமல் இருக்கும். பதிலுக்கு வாதாடாதீர்கள். முடிந்தால் இரண்டு மையங்களைக் காட்டி ஒன்றைப் பிள்ளையையே தேர்வு செய்யச் சொல்லுங்கள்.

பதினெட்டு வயதைத் தாண்டியவர் என்றால் விஷயம் வேறு. பெரும்பாலான நாடுகளில் அவர் சம்மதம் இல்லாமல் நீங்கள் கையெழுத்திட்டுச் சேர்க்க முடியாது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்ற நிலையில் மட்டும் சட்டம் வேறு வழி தரும், அதற்கும் தனி நடைமுறை உண்டு. மருத்துவர் உங்களிடம் தகவல் சொல்லவும் அவருடைய அனுமதி வேண்டும். ஆகவே அனுமதிப் படிவத்தில் உங்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லி முன்கூட்டியே அவரிடம் கேளுங்கள். “நீ போய்த்தான் ஆக வேண்டும்” என்ற பேச்சைவிட, “இப்போது இருப்பதில் உனக்கு எது பிடிக்கவில்லை?” என்ற கேள்வி அவரை வாசல்வரை கொண்டுவரும். 1983இல் வில்லியம் மில்லர் முதலில் எழுதிய ஊக்குவிப்பு நேர்காணல் முறை இந்த அடிப்படையில் அமைந்தது. தான் மாற வேண்டிய காரணத்தைத் தன் வாயால் சொல்லும் மனிதர்தான் மாறுவார்.

சேர்க்கும் நாள்

தற்போதைய மாத்திரைகளும் அளவும், ஒவ்வாமைகள், பழைய மருத்துவக் குறிப்புகள், பள்ளிச் சான்றுகள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைக்குப் பிடித்த புத்தகம், தலையணை உறை, நண்பர்களின் புகைப்படம் எதை அனுமதிப்பார்கள் என்று முந்திய நாளே கேளுங்கள். படிவங்களில் “எந்தச் சிகிச்சைக்கும் சம்மதம்” என்ற மொத்த வாக்கியம் இருந்தால் அடித்துவிட்டு, ஒவ்வொரு புதிய மருந்துக்கும் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள். பாதியில் அழைத்துச் சென்றால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கட்டிய பணம் போய்விடுமே என்ற பயத்தால் மோசமான இடத்தில் பிள்ளையை இன்னும் ஒரு மாதம் வைத்திருந்தவர்கள் உண்டு.

“என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள்”

முதல் வாரத்தில் இந்த அழைப்பு கண்டிப்பாக வரும். எந்தப் பெற்றோரையும் உடைத்துவிடும் குரலில் வரும். அப்போது மையத்தார் உங்களிடம், “எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான், உங்களை வசப்படுத்தப் பார்க்கிறது” என்று சொல்லக்கூடும். அந்த வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிடாதீர்கள். உண்மையான கொடுமைகள் பல ஆண்டுகள் மறைந்திருந்ததற்கு இந்த வாக்கியமும் ஒரு காரணம்.

வீட்டு ஏக்கத்தையும் துன்புறுத்தலையும் எப்படிப் பிரித்தறிவது? குறிப்பான கேள்விகளைக் கேளுங்கள். நேற்று இரவு யார் பொறுப்பில் இருந்தார்கள், எத்தனை மணிக்குத் தூங்கினாய், இன்று என்ன சாப்பிட்டாய், ஆலோசகரை எப்போது பார்த்தாய், யாரைக் கண்டால் பயமாக இருக்கிறது? “இங்கே பிடிக்கவில்லை, விதிகள் அதிகம், கைபேசி இல்லை, நீங்கள் என்னை வெறுக்கிறீர்கள்” என்று வந்தால் பெரும்பாலும் அது ஏக்கம். “புரிகிறது, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்” என்று சொல்லி, சொன்ன நாளில் தவறாமல் போய் நில்லுங்கள். அடித்தார்கள், தொட்டார்கள், பூட்டிவைத்தார்கள், மாத்திரை கொடுத்து மயங்க வைத்தார்கள் என்று வந்தால் அன்றே புறப்படுங்கள். பிள்ளையைத் தனியாகப் பாருங்கள், வெளி மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள், காவல்துறையிலோ குழந்தைகள் பாதுகாப்பு அமைப்பிலோ புகார் செய்யுங்கள். மையத்திடம் விளக்கம் கேட்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பேச்சே குறைந்து, “நன்றாக இருக்கிறேன், இங்கே எல்லோரும் நல்லவர்கள்” என்று ஒப்பிக்கும் பிள்ளையிடமும் அதே வேகத்தில் போங்கள்.

உள்ளே நடக்க வேண்டியது

நல்ல மையத்தின் ஒரு நாள் வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமாக இருக்கும். குறித்த நேரத்தில் எழுவது, படிப்பு, உடற்பயிற்சி, தனி ஆலோசனை, குழு, மாலையில் கொஞ்சம் ஓய்வு. இந்தச் சாதாரணத்தில்தான் மருந்து இருக்கிறது. பல மாதங்களாகத் தலைகீழாகக் கிடந்த தூக்கம் இங்கே நேராகிறது.

தன்காயம் செய்துகொள்ளும், உணர்ச்சி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் பிள்ளைகளுக்கு இயங்கியல் நடத்தைச் சிகிச்சை நன்கு சோதிக்கப்பட்ட ஒன்று. வேதனையைத் தாங்குவது, உணர்ச்சியை ஒழுங்குபடுத்துவது, உறவுகளைக் கையாளுவது, நிகழ்கணத்தில் மனத்தை நிறுத்துவது என்ற நான்கு திறன்களை அது பயிற்றுவிக்கிறது. அதை உருவாக்கிய மார்ஷா லினஹான் தன் 17 வயதில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, தனியறையில் அடைக்கப்பட்டவர். உளவியலாளராகப் பெயர் பெற்று வெகுகாலம் கழித்து, 2011இல்தான் அதை வெளிப்படையாகச் சொன்னார். அந்த அறையிலிருந்த பெண்ணுக்கு எது உதவியிருக்கும் என்று தேடியவரின் முறை இது என்பதைச் சில பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்து, “அவருக்கும் தழும்பு இருக்கிறதா?” என்று கேட்பார்கள். இருக்கிறது என்று சொல்வேன்.

மருந்து தொடங்கினால் பெயர், காரணம், பக்க விளைவு மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மனச்சோர்வு மருந்துகள் சில இளையவர்களிடம் தொடக்கத்தில் தற்கொலை எண்ணத்தை அதிகரிக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் எச்சரித்தது, 2007இல் அதை 24 வயதுவரை நீட்டித்தது. இதற்காக மருந்தையே மறுக்க வேண்டாம், பலருக்கு அது கைகொடுக்கிறது. முதல் சில வாரங்களும் அளவு மாற்றும் நாட்களும் நெருக்கமாகக் கவனிக்க வேண்டியவை, அவ்வளவுதான். மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

குடும்பச் சிகிச்சைக்கு வாருங்கள். தூரம் என்றால் காணொளியில் சேருங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் வந்து, மற்றவர் “எனக்கு இதில் என்ன வேலை” என்று ஒதுங்குவதை நிறையப் பார்த்துவிட்டேன். இரவெல்லாம் வீட்டில் நடக்கும் சண்டை, அப்பாவின் குடி, அம்மாவின் சொல்லப்படாத மனச்சோர்வு இவை அப்படியே இருக்க, பிள்ளை மட்டும் மாறி வந்து என்ன செய்யும்? உள்ளே பிள்ளை கற்கும் நாட்களில் வெளியே நீங்களும் கற்க வேண்டும்.

வீடு திரும்புதல்

எப்போது வீடு திரும்பும் என்ற பேச்சைச் சேர்த்த முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். என்னென்ன மாறினால் டிஸ்சார்ஜ் என்பதை அளவிட முடிந்த சொற்களில் எழுதித் தரச் சொல்லுங்கள். “தயாராகும்போது” என்ற பதிலை ஏற்காதீர்கள். முதலில் சில மணி நேரம், பிறகு ஒரு நாள், பிறகு வார இறுதி என்று வீட்டுக்கு அழைத்துவந்து பழக்குங்கள்.

மனநலப் பிரிவிலிருந்து வெளிவந்த முதல் சில வாரங்களில்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகம். ஆகவே வெளியே வந்த ஏழு நாட்களுக்குள் மருத்துவர் அல்லது ஆலோசகர் சந்திப்பு ஒன்று முன்பே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். வீட்டு மாத்திரைகளைப் பூட்டில் வைத்துக் கணக்கெடுத்துக் கொடுங்கள்.

போதையிலிருந்து மீண்டு வருபவரின் குடும்பம் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கவே கூடாது: இடைவெளிக்குப் பிறகு உடலின் தாங்குதிறன் இறங்கிவிடும். முன்பு வழக்கமாக எடுத்த அதே அளவு இப்போது உயிரை எடுத்துவிடும். ஹெராயின் போன்ற ஓபியாய்டு வகையைப் பயன்படுத்தியவர் என்றால், மூச்சு அடங்கும்போது அதை முறிக்கும் நாலக்சோன் என்ற மருந்தை எப்படிப் பெறுவது, எப்படிக் கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். இதைப் பிள்ளையிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். மீண்டும் தவறினால்கூட உயிரோடு இருக்க வேண்டும் என்பதே நம் முதல் ஆசை என்பதை அது தெரிந்துகொள்ளட்டும்.

பள்ளிக்கோ கல்லூரிக்கோ ஒரேயடியாக முழு நாளும் அனுப்பாமல் பாதி நாளில் தொடங்கலாமா என்று பேசிப் பாருங்கள். உறவினர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும். வீட்டிலிருக்கும் தம்பி தங்கைகளை மறந்துவிடாதீர்கள். எல்லாக் கவனமும் ஒரு பக்கம் போன மாதங்களில் அவர்கள் சத்தமில்லாமல் வளர்ந்திருப்பார்கள். அவர்களுக்கும் கேள்விகள் இருக்கும், பயமும் கோபமும் இருக்கும்.

மீண்டும் சறுக்கல் வரலாம். வந்தால் எல்லாம் வீண் என்று அர்த்தமில்லை. அதற்கென்று ஒரு பாதுகாப்புத் திட்டத்தை டிஸ்சார்ஜுக்கு முன்பே ஆலோசகரோடு உட்கார்ந்து பிள்ளை எழுத வேண்டும், ஒரே பக்கத்தில். நிலை மோசமாகிறது என்பதற்கான அறிகுறிகள், தனியாகச் செய்துபார்க்கக்கூடியவை, யாரோடு இருந்தால் மனம் ஆறும், யாரை உதவிக்கு அழைக்கலாம், மருத்துவமனையின் அவசர எண், வீட்டில் எதையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும். இவற்றோடு, அந்த நேரத்தில் வீட்டார் தன்னிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்றும் ஒரு வரி எழுதச் சொல்வது என் வழக்கம். ஒரு பெண் எழுதியிருந்தாள்: “கேள்வி கேட்காதீர்கள். பக்கத்தில் வந்து உட்காருங்கள்.” அவளுடைய அப்பா அதைப் பல முறை படித்துவிட்டு, தன் பணப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். அந்தத் தாளின் ஒரு நகல் பிள்ளையிடமும் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். சில மாதங்களுக்கு ஒருமுறை இருவரும் எடுத்துப் பார்த்து, மாறிய தொலைபேசி எண்களைத் திருத்துங்கள், உதவாமல் போனதை அடித்துவிட்டு உதவியதை எழுதிச் சேருங்கள்.